குளியல் உட்பட

ஞாயிற்றுக்கிழமை ஓ.பி. கிடையாது.
அதனால்தான் என் வேன் ஓடுகிறது.

லாட்ஜ் கல்லாவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறேன்:
மேல்பாடி பழங்கோயில், வள்ளிமலைக் குகை,
தலைக்கு நானூறு, புளிசாதம், குளியல் உட்பட.
கீழே அதையே வங்காளத்தில்
மால்டாக்காரர் ஒருவர் எழுதித் தந்தார்,
மகனுக்கு ரத்தம் ஏற்றிக்கொண்டிருந்த வாரம்.
சரியா தப்பா எனக்குத் தெரியாது.
படித்துவிட்டு இதுவரை யாரும் சிரிக்கவில்லை.

இன்றைக்குப் பதினொரு பேர்.
எல்லார் கழுத்திலும் ஆஸ்பத்திரியின் நீல அட்டை,
சுற்றிப்பார்க்க வந்தும் கழற்றவில்லை.
ஐஸாலிலிருந்து வந்த தங்கா
எக்ஸ்ரே உறையை ரூமில் விட மனமில்லாமல்
மடியில் வைத்திருக்கிறான்.
உறை கிழிந்த இடத்தில் வெயில் பட்டால்
யாரோ ஒருவரின் விலா எலும்பு எங்களோடு வருகிறது.

பாலாற்றுப் பாலத்தில் எட்டிப் பார்த்தார்கள்.
"நதி எங்கே?"
"இதுதான்."
தேசிங்கு காரணமில்லாமல் ஹாரன் அடித்தான்.

மேல்பாடியில் என் பேச்சு
பாதி இந்தி, கால் வங்காளம், மிச்சத்துக்குக் கை.
ஆயிரம் வருஷம். சோழன் கட்டியது. தன் பாட்டனுக்காக.
பள்ளிப்படை என்ற சொல்லை மட்டும்
கிளம்பும்போதே சீட்டுக்கு அடியில் போட்டுவிடுவேன்.
எந்தக் கூட்டத்துக்கு எதைச் சொல்லக்கூடாது என்று
கைடுக்குத் தெரிய வேண்டாமா.
கல்வெட்டும் என் கட்சிதான்:
ஆற்றூர்த் துஞ்சின தேவர்.
செத்தார் என்று வெட்ட
அந்த உளிக்கும் கை வரவில்லை.
தூங்கினார் என்றேன்.
ராஜா, ஆற்றூரில், தூங்கினார்.

நிபா சர்க்கார் கேட்டாள்:
"எத்தனை நாளாக?"

அவள் புருஷனுக்கு இன்று பத்தொன்பதாவது நாள்.
லாட்ஜில் எல்லோருக்கும் தெரியும்.
நான் பக்கத்துத் தூணைக் காட்டி
அதில் இருப்பதையும் இல்லாததையும் விளக்கினேன்.
அவள் எழுத்துகளுக்கு முன்னாலேயே நின்றிருந்தாள்,
ஒன்றின் வளைவில் விரலை விட்டு.

குளியல் என்பது கோதண்ட ரெட்டியின் கிணறு.
பொன்னை ஆற்றோரம், நாற்பதடி, ஒரு பக்கம்தான் படி.
ஆளுக்கு இருபது ரூபாய், லுங்கி வாடகை தனி,
பெண்களுக்கு மோட்டார்த் தொட்டி.
இந்தக் கடைசி விதி நான் போட்டது.
நிபா தொட்டியைத் தாண்டி நடந்தாள்.
அட்டையைக் கழற்றி என் கழுத்தில் மாட்டினாள்,
போனைக் கையில் திணித்தாள்,
முந்தானையை இடுப்பில் செருகினாள்.
குதித்தாள்.

தண்ணீர் மூடிக்கொண்டது.
தேசிங்கு பீடியைக் கீழே போட்டான்.
ஒண்ணு, ரெண்டு, மூணு.
மூன்று பாஷை பேசுகிறவனுக்கு
எண்ணுவதற்கு ஒன்றுதான் வந்தது.
பதினாறில் போன் அடித்தது.

திரையில் வங்காள எழுத்து.
என் கல்லாச் சுவரில் இருக்கும் அதே வளைவுகள்,
தலைக்கு மேல் அதே கோடு.
வார்டா, வீடா.
சற்று முன் கல்லுக்கு முன்னால் அவள் நின்ற மாதிரி
நின்றேன்.

முப்பத்திரண்டில் எதிர்ச் சுவரோரம் தலை.
மூச்சு வாங்கக்கூட நேரமில்லாமல்
கையைத் தூக்கி விரித்துக் காட்டினாள்:
கறுப்புச் சேறு. அடியைத் தொட்டிருக்கிறாள்.
பத்தொன்பது நாளில் அவள் பல்லை
நாங்கள் பார்த்தது அப்போதுதான்.
போன் நின்று, மறுபடி அடித்தது.
முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன்.
இன்னொரு தடவை என்று விரல் காட்டினாள்.
சரி என்று தலையாட்டினேன்.
அது தப்பா என்று இன்னும் கணக்குப் போடுகிறேன்.

ஏறி வந்து பார்த்து, திரும்பக் கூப்பிட்டாள்.
மகளாம்.
குக்கருக்கு எத்தனை விசில் என்று கேட்டாளாம்.

வள்ளிமலையில் யாரும் மேலே ஏறவில்லை.
புளிசாதம் தின்றோம். தங்கா ரெண்டு பொட்டலம்.

ராத்திரி சட்டையைக் கழற்றும்போதுதான் பார்த்தேன்,
நீல அட்டை என் கழுத்திலேயே.
பார்வை நேரம் முடியக் கால் மணி.
ஓடினேன்.
கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள்,
தலைமுடி இன்னும் காயவில்லை.
காவலாளி அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
"பேஷண்டுக்கு நீங்க என்ன வேணும்?"

கைடு, என்றேன்.